இங்கிலீஷில் துக்கம் கேட்கப் போனேன்

பாகான் டத்தோவிலிருந்து தெலுக் அன்சனுக்கு முதல் பஸ் காலை ஆறரைக்குப் புறப்படுகிறது. முப்பத்தைந்து மைல், எங்கள் பேச்சில் கட்டை, கட்டணம் ஒரு வெள்ளி இருபது காசு. 1972ஆம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை அந்த பஸ்ஸில் ஏறினேன். தையல் கடையைப் பூட்டிவிட்டு ஊரை விட்டுக் கிளம்பும் ஆள் இல்லை நான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. ஆனால் ஈப்போவுக்கு வடக்கே ஒரு கித்தா என்னும் ரப்பர் தோட்டத்தில் இருக்கும் என் தங்கை கமலாவின் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காது குத்து. தாய்மாமன் மடி இல்லாமல் அது நடக்காது. பிள்ளைக்கு நானே தைத்த பட்டுப் பாவாடையைப் பையில் வைத்துக்கொண்டு சன்னல் ஓரமாக உட்கார்ந்தேன்.

இரண்டு பக்கமும் தென்னை. வாய்க்கால் மேல் பனி இன்னும் கலையவில்லை. மூன்றாவது நிறுத்தத்தில் கொப்பரைக் கிட்டங்கிக் கணக்கர் அந்தோணி ஏறி என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எங்கள் ஊர் மாதா கோயிலின் பின்கட்டில் வாரம் இரண்டு நாள் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறது. அவனும் நானும் அங்கே ஒரே பெஞ்சு.

"என்ன மச்சான், ஈப்போவுக்கா? வெள்ளைக்காரன் யாராச்சும் ஆப்டா பேசிக் காட்டு லா."

"சும்மா இரு அந்தோணி."

"என் ஆடு செத்துப் போச்சு. எங்க, சொல்லு பாப்போம்."

இதற்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். துக்கத்தில் இருப்பவரிடம் அன்பாகப் பேசுவது எப்படி என்று எங்கள் ரோஸ் டீச்சர் போன மாதம் ஒரு பாடம் நடத்தினார். இரண்டிரண்டு பேராக எழுந்து நிற்க வேண்டும். ஒருவர் தன் துக்கத்தைச் சொல்ல, மற்றவர் ஆறுதல் சொல்ல வேண்டும். அந்தோணி வேண்டுமென்றே தன் ஆடு செத்துவிட்டதாகச் சொன்னான். அன்றிலிருந்து என்னைக் கண்ட இடத்தில் எல்லாம் அவன் ஆடு சாகிறது.

விட மாட்டான் என்று தெரிந்ததால் மெல்லச் சொன்னேன். "ஐ ஆம் வெரி சாரி டு ஹியர் திஸ்." இதைக் கேட்க ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்று அர்த்தம்.

"அப்புறம்?"

"கேன் ஐ டூ எனிதிங் ஃபார் யூ?" உங்களுக்கு நான் ஏதாவது செய்யலாமா?

"நோ, தேங்க் யூ," என்று அவன் மூக்கைச் சிந்துவது போலச் செய்தான். முன்சீட்டு மலாய்க்கார அம்மாகூடச் சிரித்துவிட்டார். அவன் ஊத்தான் மெலிந்தாங்கில் இறங்கிப் போகும் வரை நான் தலையைத் தூக்கவில்லை.

அந்தப் பாடம் எனக்கு அப்போதே பிடிபடவில்லை. நம்மில் ஒரு வீட்டில் சாவு என்றால் யாராவது போய், நான் ஏதாவது செய்யலாமா என்று கேட்பார்களா? கேட்டால், பிறகு எதற்கு வந்தாய் என்பார்கள். போவோம், கையைப் பிடிப்போம், தண்ணீர் தூக்குவோம், பந்தலுக்குக் கம்பு நடுவோம். இதை டீச்சரிடம் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டேன்.

தெலுக் அன்சனில் சாய்ந்த மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் பசியாறிவிட்டு ஈப்போ பஸ் பிடித்தேன். ஐம்பது கட்டை, இரண்டு வெள்ளி ஐம்பது. லங்காப், கம்பார் தாண்டியதும் நிலமே மாறிவிடுகிறது. ஈயம் தோண்டிய பள்ளங்களில் பச்சைத் தண்ணீர், அதைச் சுற்றி வெள்ளை மணல். கோப்பெங்கைக் கடந்தால் சுண்ணாம்பு மலைகள். சரிவு என்பதே கிடையாது, சமநிலத்திலிருந்து சுவர் போல நேராக எழுந்து நிற்கின்றன. கடலோரச் சமநிலத்திலேயே வளர்ந்த எனக்கு அவற்றின் கீழே பஸ் போகும்போது தலையைக் குனிந்துகொள்ளத் தோன்றியது.

பகல் பன்னிரண்டரைக்கு ஈப்போ. சோறு எண்பது காசு. செம்மோர் பக்கம் போகும் பஸ்ஸுக்கு அறுபது காசு கொடுத்து, செம்மோர் தாண்டி ஒரு பலா மரத்தடியில் இறங்கிச் செம்மண் சடக்கில் இரண்டு கட்டை நடந்தேன். தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று தங்கை கேட்டுக்கொண்டதால் அதை விட்டுவிடுகிறேன்.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குள் நுழைந்தபோதே ஏதோ சரியில்லை என்று பட்டது. மணி நாலு. அந்த நேரத்தில் பிள்ளைகள் பந்து உதைக்க வேண்டும், குழாயடியில் சண்டை நடக்க வேண்டும். ஒரு சத்தமும் இல்லை. கமலா வாசலில் தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, தொரை போயிட்டாருண்ணே."

காலையில் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போன துரையை மர லாரி ஒன்று அடித்துவிட்டதாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. தோட்டத்தின் கடைசி வெள்ளைக்கார மேனேஜர் அவர். தோட்டக் குமாஸ்தாவான கிராணியும் பங்களாவின் சீனச் சமையல்காரரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். பங்களாவில் துரையம்மா மட்டும். அவர் இங்கிலாந்திலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மலாய் தெரியாது, தமிழ் தெரியாது.

பெண்கள் இருபது இருபத்தைந்து பேர் கூடிவிட்டார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர் அஞ்சலை அக்கா. பால்வெட்டில் மூத்தவர், பெரிய குரல்காரர். கமலாவின் புருஷன் முனியாண்டி அவரைச் சீண்டினார்.

"பால்ல தண்ணி ஊத்துறேன்னு போன மாசம்தான் அந்தாளு ஒன்ன ஏசினான். இப்ப அவனுக்கு அழப் போறியாக்கும்?"

"அவன் ஏசினான், நானும் மறவுல நின்னு ஏசினேன். அது சரியாப் போச்சு. அந்தப் பொம்பள ஒத்தையில கெடக்கு லா. அழுவ ஆளில்லாத எழவா போவணுமா?"

பங்களா ஒரு மேட்டின் மேல் இருந்தது. செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு எல்லோரும் ஏறினோம். ஆண்கள் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு புல்வெளி ஓரத்தில் நின்றோம். பெண்கள் வாசலுக்கு முன் வட்டமாகக் குந்தினார்கள். ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டார்கள். அஞ்சலை அக்கா ஒப்பாரியின் முதல் அடியை எடுத்தார்.

நான் சாவு வீட்டுக்குப் போகாதவன் அல்ல. ஆனாலும் அந்த மேட்டின் மேல், பூத்தொட்டிகளுக்கு நடுவே அந்தக் குரல் எழும்பியபோது உடம்பு சிலிர்த்தது. மாரில் அடித்துக்கொள்ளும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பியது. அப்போது மேல் சன்னல் ஒன்று படீரென்று சாத்திக்கொண்டது. பிறகு இன்னொன்று. பிறகு கீழே உள்ளதெல்லாம். வாசலை ஒட்டிய சன்னலின் மரச்சட்டங்கள் மட்டும் கொஞ்சம் விலகின. அந்த இடைவெளியில் தெரிந்தது துரையின் இரட்டைக் குழல் துப்பாக்கி.

அழுதுகொண்டிருந்த பெண்கள் அதைப் பார்க்கவே இல்லை. குழல் நடுங்குவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. உள்ளே நிற்பவரின் கண்ணால் ஒரு கணம் பார்த்தேன். தலைவிரி கோலமாக ஒரு கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு கத்துகிறது. கொஞ்சம் தள்ளி ஆண்கள் பேசாமல் நிற்கிறார்கள். இந்த வட்டாரத்தில் முன்பு கம்யூனிஸ்ட்கள் துரைமார்களைச் சுட்டுக் கொன்ற கதையை அவரிடம் யாராவது சொல்லாமலா இருந்திருப்பார்கள்?

முனியாண்டியும் பார்த்துவிட்டார். "மச்சான், ஒங்களுக்குத்தானே இங்கிலீசு தெரியும்? போயி ஒரு வார்த்த சொல்லுங்க."

"எனக்கா? ஆறு மாசம்தான்..."

"எங்களுக்கு ஆறு நாள்கூட இல்ல லா. போங்க!"

அவர் முதுகில் கை வைத்துத் தள்ளியதால்தான் போனேன். கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வராந்தாப் படி வரை நடந்தேன். குழல் என் பக்கம் திரும்பியது. எனக்குத் தெரிந்த ஒரே பாடம் வாயில் வந்தது.

"மேடம், ஐ ஆம் வெரி சாரி டு ஹியர் திஸ்."

பாடத்தின் அடுத்த வரியையும் சொன்னேன். "கேன் ஐ டூ எனிதிங் ஃபார் யூ?"

"யெஸ்!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அந்தக் கேள்விக்கு யாரும் 'யெஸ்' சொல்லி நான் கேட்டதே இல்லை. வகுப்பில் எல்லோரும் 'நோ, தேங்க் யூ' என்றுதான் சொல்வார்கள். அதற்கு மேல் பாடமே கிடையாது.

"யெஸ். டெல் தெம் டு கோ அவே. ப்ளீஸ்!"

அவர்களைப் போகச் சொல்லுங்கள் என்கிறார். துக்கத்துக்கு வந்தவர்களை விரட்டும் வீட்டை நான் கண்டதில்லை, கேட்டதும் இல்லை. திரும்பி அஞ்சலை அக்காவைப் பார்த்தேன். முகமெல்லாம் கண்ணீர். இந்தப் பெண்ணிடம் போய் எழுந்து போ என்று எந்த வாயால் சொல்வேன்? சொன்னால் அந்தத் தோட்டத்தில் பிறகு யார் அந்த அம்மாவின் முகத்தில் விழிப்பார்கள்? சொல்லாவிட்டால் அந்தத் துப்பாக்கி வெடிக்குமோ?

டீச்சர் சொல்லிக்கொடுத்தது எல்லாம் தீர்ந்துவிட்டது. மிச்சமிருந்த சொற்களைக் கையில் அகப்பட்டபடி அடுக்கினேன்.

"மேடம், தே கிரை. ஃபார் சார். அவர் பீப்பிள் கிரை லைக் திஸ். ஃபார் மதர், ஃபாதர்." துரைக்காக அழுகிறார்கள், தாய் தகப்பனுக்கும் நாங்கள் இப்படித்தான் அழுவோம் என்று அர்த்தம். அப்புறம் என்ன சொல்வதென்று தெரியாமல், மனதில் பட்டதைச் சொன்னேன். "தே கோ, யூ அலோன்."

அவர்கள் போனால் நீங்கள் தனி. அவ்வளவுதான் சொன்னேன்.

பிறகு குழல் உள்ளே போனது. கதவு திறந்தது. வெளியே வந்தவரைப் பார்த்து இன்னொரு முறை அதிர்ந்தேன். துரையம்மா என்றால் நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. காலில் செருப்பில்லை. சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்தது. படியில் நின்று அந்த வட்டத்தைப் பார்த்தார். கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அஞ்சலை அக்கா எழுந்து போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அந்த அம்மா முதலில் மரம் போல இருந்தார். அழவில்லை. "அழு தாயி, அழுதுரு," என்று அக்கா முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். அந்த அம்மாவின் கை மெதுவாக எழும்பி அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டது.

அவர் போலீசுக்குப் போன் செய்திருந்தது பிறகுதான் தெரிந்தது. ஜீப்பில் வந்த மலாய் சார்ஜன் படியைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், எங்களோடு ஒரு பக்கமாக நின்றார். சாவு வீட்டில் அடுப்பெரியக் கூடாது என்று கமலா லயத்திலிருந்து கடுங்காப்பி கொண்டு வந்திருந்தாள். பிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்தபோது அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்.

இருட்டத் தொடங்கியதும் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நடந்தார்கள். நம் வழக்கப்படி யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. துணைக்கு அஞ்சலை அக்கா மட்டும் வராந்தாவில் படுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டிரைவர் சாமிநாதன் காரோடு வந்து நின்றார்.

"அண்ணே, தொரையம்மா ஒங்களக் கூட்டியாரச் சொன்னாங்க."

"நான் என்ன பண்ணுனேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. நேத்து பொம்பளைங்க ஏன் பேசாம எந்திரிச்சுப் போனாங்கன்னு கிராணியக் கேட்டாங்க. படிக்காத ஜனங்க மேடம், கண்டுக்காதீங்கன்னு அவரு சொல்லிட்டாரு. அதுல அவங்களுக்கு மனசு ஆறல."

கிராணியும் நம்மவர்தான். அவர் வீட்டுச் சாவுக்கு வந்தவர்கள் சொல்லிக்கொண்டா போனார்கள்?

அந்த அம்மா வராந்தாவிலேயே இருந்தார். நான் நின்றேன். உட்காரச் சொன்னார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். அவர் மெதுவாக, எனக்குப் புரிகிற சொற்களாகத் தேடிப் பேசினார். அப்படி என்னிடம் இங்கிலீஷ் பேசியவர் ரோஸ் டீச்சருக்குப் பிறகு அவர்தான். நான் சன்னலைச் சாத்தியதால் அவர்களுக்குக் கோபமா? நான் துப்பாக்கி எடுத்ததை அவர்கள் பார்த்துவிட்டார்களா என்று கேட்டார்.

"நோ மேடம். டெத் ஹவுஸ், வீ நோ சே குட் பை. ஒன்லி கோ." சாவு வீட்டில் நாங்கள் போய் வருகிறேன் என்று சொல்வதில்லை. பேசாமல் போவோம்.

"ஒய்?"

"வீ சே, டெத் கம் அகெய்ன்." சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். இதை எப்படி விளக்குவதென்று தெரியாமல் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னேன்.

"ஸோ இட் இஸ் கைண்ட்," என்றார். அப்படியானால் அது அன்புதான் என்று அர்த்தம். நான் தலையாட்டினேன்.

விடைபெறும் நேரத்தில் பெரிய சங்கடமாகிவிட்டது. இங்கிலீஷ்காரர் வீட்டில் சொல்லாமல் போவது மரியாதை இல்லை. சாவு வீட்டில் சொல்லவும் கூடாது. எழுந்து நின்று கையைப் பிசைந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். தாமே எழுந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் படியிறங்கி நடந்தேன்.

காது குத்து தள்ளிப்போனது. ஞாயிற்றுக்கிழமை துரையைப் பத்து காஜா ஊரில் அடக்கம் செய்தார்கள். செவ்வாய்க்கிழமை துரையம்மா ஈப்போவில் ரயில் ஏறி, கோலாலம்பூர் போய், அங்கிருந்து விமானத்தில் தம் ஊருக்குப் போவதாக ஏற்பாடு. ரயிலடிக்கு அனுப்ப ஒரு லாரி நிறையப் பெண்கள் கிளம்பினார்கள். எனக்கும் அன்று பஸ் பிடிக்க வேண்டியிருந்ததால் பையோடு ஏறிக்கொண்டேன்.

லாரி பெரிய சடக்குக்கு வந்ததும் அஞ்சலை அக்கா என் பக்கம் நகர்ந்து வந்தார். "தம்பி, ஊருக்குப் போறவங்களுக்கு அவங்க பாஷையில என்னா சொல்லணும்? அழகாச் சொல்லணும் லா. டாட்டா எல்லாம் வேணாம்."

"குட் பை மேடம், காட் பிளஸ் யூன்னு சொல்லுங்கக்கா. கடவுள் காப்பாத்தட்டும்னு அர்த்தம்."

செம்மோரிலிருந்து ஈப்போ வரை லாரியே அதைச் சொல்லிக்கொண்டு போனது. முனியாண்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பால் வாளி தூக்குற வாய்க்கு இங்கிலீசு கேக்குதா?"

"ஒன் வாயில சம்சு சாராயம் நொழையலாம், என் வாயில இங்கிலீசு நொழையக் கூடாதா? போடா!"

ஈப்போ ரயிலடி வெள்ளை மாளிகை போல இருக்கிறது. நடுவே பெரிய கோபுரம், நீளத்துக்கு வளைவுகள், வாசலில் பூந்தோட்டம். மேடைச் சீட்டு ஆளுக்குப் பத்துக் காசு. துரையம்மா சாம்பல் நிறக் கவுன் போட்டிருந்தார். அவரோடு வேறு தோட்டத்து வெள்ளைக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு எங்கள் பக்கம் வந்தார். ஒவ்வொரு பெண்ணின் கையையும் பிடித்தார். அஞ்சலை அக்காவின் கையை விடவே இல்லை. அக்கா தொண்டையைச் சரிசெய்துகொண்டார். இதோ சொல்லப் போகிறார் என்று எல்லோரும் வாயைத் திறந்து காத்திருந்தோம்.

துரையம்மா தலையைக் குனிந்தார். கையை விட்டார். ஒரு சொல் இல்லாமல் திரும்பி நடந்து பெட்டியில் ஏறினார். சன்னலுக்கு மறுபக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டார். ஊதல் கேட்டது, ரயில் நகர்ந்தது. அவர் திரும்பவே இல்லை.

பெண்கள் விக்கித்துப் போய் நின்றார்கள். "ஒரு வார்த்த சொல்லலையேண்ணே," என்றாள் கமலா. "நம்மள மதிக்கல, அவ்வளவுதான்," என்றது பின்னால் ஒரு குரல்.

என்ன நடந்தது என்று அந்த மேடையில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வாய் குழறிச் சொன்னேன். "மதிக்காம இல்ல. எழவு வீட்டுல நாம சொல்லிக்க மாட்டோம்னு நான்தான் அவங்கட்ட சொன்னேன். நம்ம மாதிரியே போறாங்க."

அஞ்சலை அக்கா என்னை வெறித்துப் பார்த்தார். "அது துக்கத்துக்கு வந்துட்டுப் போறவங்களுக்கு, தம்பி. வீட்டுக்காரிக்கு ஏது அது? முழுசாச் சொல்லிக் குடுக்க மாட்டியா?"

சொல்லிவிட்டு மேடையின் கோடி வரை ஓடினார். கடைசிப் பெட்டி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து, மாரில் கை வைத்து, ஒப்பாரி எடுக்கும் அதே குரலில், ஒரு சொல் பிசகாமல், "குட் பை மேடம், காட் பிளஸ் யூ!" என்று கூவினார். சுமை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

பிற்பகல் இரண்டு மணி பஸ்ஸில் ஈப்போவை விட்டேன். கமலா பஸ் நிலையம் வரை வந்து, "போயிட்டு வாரேன்னு சொல்லுண்ணே," என்று சொல்லவைத்துவிட்டுத்தான் விட்டாள். கோப்பெங் வரை அந்த மலைகள் கூடவே வந்தன. கூட இருந்து அழுவது எப்படி என்று அந்த அம்மாவுக்கு எங்கள் பெண்கள் காட்டினார்கள். போவது எப்படி என்று நான் சொன்னேன், அதுவும் பாதி. அவர் ஊரிலும் சாவு விழும். அந்த வீட்டுக்கு அவர் போவார், கையைப் பிடிப்பார், பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து நடப்பார். அவருடைய ஜனங்கள் திகைத்துப் போய்ப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அது அன்பு என்று எடுத்துச் சொல்ல அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள்.